ஊர் ஆவணங்களை வைக்கும் அறைக்கு என்ன பெயர்? காப்பகமா, பதிவறையா, சுவடிக்கூடமா?

கட்டபெட்டு வாசி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ச் சமுதாயக்கூடத்தின் பின்புறம் ஓர் அறையை ஒழித்து, ஊரின் பழைய தாள்களையெல்லாம் ஒரே இடத்தில் வைக்கப் போகிறோம். கோயில் வரவு செலவுக் கணக்கு, ஊர்க்கூட்டத் தீர்மானப் புத்தகங்கள், கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையின் பங்குப் பத்திரங்கள், பச்சைத் தேயிலை எடை போட்ட அட்டைகள், தீர்வை ரசீதுகள், பழைய திருமணப் படங்கள் என்று பல வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் கிடப்பவை இவை. நீலகிரியில் நாங்கள் பேசும் படுகு மொழிக்குத் தனி எழுத்து இல்லாததால் கணக்குகள் பெரும்பாலும் தமிழிலும் கொஞ்சம் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. ஈரத்தில் அவை ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒட்டிக்கொண்டு கிழிகின்றன. இன்னும் தள்ளிப்போட முடியாது.

என் கேள்வி அறையைப் பற்றியதல்ல, அதன் பெயரைப் பற்றியது. வாசலில் பலகை மாட்ட வேண்டும். 'ஆவணக் காப்பகம்' என்று எழுதலாம் என்றேன். ஊர்ப் பெரியவர் ஒருவர், "காப்பகம் என்றால் ஆதரவற்ற பிள்ளைகளை வைத்திருக்கும் இடம் என்றுதானே எல்லோரும் நினைப்பார்கள்?" என்றார். இளைஞர்கள் 'ரெக்கார்டு ரூம்' போதும் என்கிறார்கள். இன்னொருவர் 'ஆவணப் பெட்டகம்' என்கிறார். இச்சொற்களுக்குள் உண்மையான வேறுபாடு என்ன? ஊர் மக்களுக்குப் புரிந்து, பொருளும் சரியாக இருக்கும் சொல் எது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மசினகுடிக்காரன்:

எங்கள் பக்கம் 'காப்பகம்' என்று சொன்னால் ஒன்றுதான்: முதுமலைப் புலிகள் காப்பகம். 2007-இல் அந்த அறிவிப்பு வந்ததிலிருந்து எங்கள் ஊர்களில் அந்தச் சொல் தடுப்புக்கம்பி, சோதனைச்சாவடி, மாலைக்குப் பிறகு மூடும் சாலை என்றுதான் மனத்தில் பதிந்திருக்கிறது. காப்புக்காடு, காப்பகம், உயிர்க்கோளக் காப்பகம் என எல்லாமே 'உள்ளே வராதே' என்று சொல்லும் இடங்களின் பெயர்கள். ஊர் மக்கள் உரிமையோடு வந்து போக வேண்டிய அறைக்கு அந்தப் பெயர் வேண்டாம், அண்ணா.

ஓலைக்கட்டு:

நான் குன்னூரில் தமிழாசிரியராக இருக்கிறேன். மசினகுடி நண்பரின் மனக்குறை நியாயமானது. ஆனாலும் 'காப்பகம்' என்ற சொல்லை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் சொல்கிறேன், சற்று நீளமாக இருக்கும்.

முதலில் 'ஆவணம்'. பழைய தமிழில் இதற்குக் கடைத்தெரு என்ற பொருளும் உண்டு, உரிமையைக் காட்டும் ஓலை என்ற பொருளும் உண்டு. அகநானூற்றின் 77-ஆம் பாட்டில் 'ஆவண மாக்கள்' வருகிறார்கள். கயிற்றால் பிணித்து முத்திரையிட்ட குடத்தின் மேலுள்ள பொறியைச் சரிபார்த்து, அதை உடைத்து, உள்ளிருக்கும் ஓலைகளை எடுப்பவர்கள் அவர்கள். முத்திரையைப் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஓலையை யாரும் இடையில் மாற்றிவிடவில்லை என்று உறுதி செய்வதும் அவர்கள் வேலை. இன்றைக்கும் ஆவணங்களைப் பேணுபவரின் முதல் கடமை அதுதான்.

அடுத்தது 'காப்பு'. பெரியபுராணத்தில் சுந்தரரின் திருமணத்தைத் தடுக்க முதியவராக வந்த இறைவன், சுந்தரரின் பாட்டனார் எழுதிக் கொடுத்தது என்று அடிமை ஓலை ஒன்றைக் காட்டுகிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அங்கே கரணத்தான், அதாவது அவையின் கணக்கர், மூல ஓலையை வாங்கி மடிப்பு நீக்கிப் படிக்கிறான். கையெழுத்து பாட்டனாருடையதுதானா என்று பார்க்க, 'அரண்தரு காப்பில்' இருந்த அவருடைய வேறோர் ஓலையை வரவழைத்து ஒப்புநோக்குகிறார்கள். இரண்டும் ஒத்திருக்கின்றன, வழக்கு முடிகிறது. படி, மூலம், ஒப்புநோக்கல், பாதுகாப்பான வைப்பிடம் ஆகிய நான்கும் ஒரே நிகழ்ச்சியில் வந்துவிடுகின்றன. 12-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஒருவர் 'காப்பு' என்ற சொல்லை ஆவணம் வைக்கும் இடத்துக்கு இத்தனை துல்லியமாகக் கையாண்டிருக்கும்போது, 'காப்பகம்' பிள்ளைகளுக்கும் புலிகளுக்கும் மட்டுமே உரிய சொல் என்று நாம் ஏன் ஒதுங்க வேண்டும்?

இனி மற்றச் சொற்கள். 'ஆவணக்களரி' கல்வெட்டுக் காலத்துச் சொல், பத்திரம் பதிவாகும் இடத்தைக் குறிப்பது. இன்றைய சார்பதிவாளர் அலுவலகத்தோடு ஒப்பிடலாமே தவிர, பழைய தாள்களைப் பேணும் இடத்துக்குப் பொருந்தாது. சிதம்பரம் கோயிலில் 'சரஸ்வதி பண்டாரம்' இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அது நூற்சுவடிகளுக்கானது. 'பெட்டகம்' அழகான சொல், ஆனால் அது பொருளைப் பூட்டி வைப்பதைச் சொல்கிறது, அடுக்கி எடுத்துக் கொடுப்பதைச் சொல்லவில்லை. 'பதிவகம்' என்றால் பத்திரம் பதியும் இடம் என்று தோன்றிவிடும்.

வினைச்சொற்களிலும் குழப்பம் இருக்கிறது. ஒரு விழாவைப் படம் எடுத்து எழுதி வைப்பது ஆவணப்படுத்துதல். எழுதி வைத்ததை அழியாமல் பார்த்துக்கொள்வது பேணுதல். பத்திரிகைகளில் இரண்டையும் 'ஆவணப்படுத்துதல்' என்றே எழுதிவிடுகிறார்கள். கட்டபெட்டு நண்பர் செய்யப்போவது இரண்டாவது வேலை.

பழைய பதிவறை:

வருவாய்த் துறையில் பதிவறை எழுத்தராகத் தொடங்கிப் பல ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஆசிரியர் சொன்ன இலக்கியச் சான்றுகள் அருமை. அலுவலகத்தில் இந்தச் சொற்கள் எப்படி வழங்கின என்பதை நான் சொல்கிறேன்.

எங்களுக்குப் 'பதிவறை' வேறு, 'ஆவணக் காப்பகம்' வேறு. ஒரு கோப்பு நடப்பில் இருக்கும்போது ந.க. எண் இருக்கும், அதாவது நடப்புக் கணக்கு. வேலை முடிந்ததும் அதற்கு முடிவு எண் கொடுப்போம். ஓ.மு. என்றால் ஓராண்டு முடிவு. மூ.மு. மூன்றாண்டு. ப.மு. பத்தாண்டு. நி.மு. நிரந்தர முடிவு. இந்த எழுத்துகளை வைத்துத்தான் பதிவறையில் எந்த அலமாரி, எவ்வளவு காலம் என்பது தீர்மானமாகும். கெடு முடிந்த ஓராண்டுக் கட்டுகளைக் கழித்துவிடுவோம். நிரந்தரக் கட்டுகளைத் தொடக் கூடாது. ஆகவே பதிவறை என்பது தாள்கள் வந்து, தங்கி, பெரும்பகுதி வெளியேறும் இடம். ஆவணக் காப்பகம் என்பது எது என்றைக்கும் இருக்க வேண்டும் என்று முடிவாகிவிட்டதோ அது மட்டும் போய்ச் சேரும் இடம். சென்னை எழும்பூரில் இருப்பது அதற்குச் சான்று. 1909-இல் மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸாகத் தொடங்கியது, 1973-இல் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் ஆயிற்று. பெயர் மாறியபோது 'பதிவறை' என்று வைக்கவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

பழைய ஊழியர்கள் 'தஸ்தாவேஜு' என்றும் சொல்வார்கள். பாரசீகத்திலிருந்து வந்த சொல், இன்றும் பத்திர எழுத்தர்கள் வாயில் இருக்கிறது. அது தாளின் பெயர், இடத்தின் பெயரல்ல.

கட்டபெட்டுக்காரர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் ஊரின் பழைய நிலப் பதிவுகளைத் தேடினால் நீலகிரி என்று மட்டும் தேடாதீர்கள். 1868-இல்தான் நீலகிரி கோயம்புத்தூரிலிருந்து பிரிந்து ஆணையரின் கீழ் வந்தது, 1882-இல் கலெக்டர் வந்தார். அதற்கு முந்தியவை கோயம்புத்தூர் மாவட்டப் பதிவுகளில் கிடக்கும். 1980-இல் கர்ணம், கிராம முன்சீப் ஆகிய ஊர் அலுவலர் பதவிகளை ஒழித்தபோது கிராமக் கணக்குகள் கை மாறின. அந்தக் கைமாற்றத்தில் பல ஊர்களில் பழைய நோட்டுகள் வீடுகளிலேயே தங்கிவிட்டன. உங்கள் டிரங்குப் பெட்டிகளில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பொக்கிஷம்.

சேரம்பாடி மகள்:

ஐயா எழுதியதைப் படித்தபோது என் அப்பாவின் தகரப்பெட்டி நினைவுக்கு வந்தது. நாங்கள் சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பம். இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்பதாக 1964-இல் ஒப்பந்தம் ஆயிற்று, நாங்கள் வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கொடுத்தார்கள். மண்டபம் முகாமில் தந்த குடும்ப அட்டை, கடவுச்சீட்டு, தோட்டத்து வேலைச் சீட்டு ஆகியவற்றை அப்பா ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குவார். காரணம் எங்களுக்குத் தெரியும். எங்கள் சாதிச் சான்றிதழுக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கு, ஓய்வூதியத்துக்கு, எல்லாவற்றுக்கும் அந்தத் தாள்களைத்தான் கேட்டார்கள். ஓர் அலுவலகத்தில் மூலத்தை வாங்கிக்கொண்டு பல மாதம் திருப்பித் தராமல் அலைக்கழித்தார்கள். அந்த மாதங்களில் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

சொல்லைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஆவணக் காப்பகம் என்று சொன்னதே இல்லை. இலங்கையில் அது 'சுவடிக்கூடம்'. துறைக்குத் 'திணைக்களம்', கோப்புக்குக் 'கோவை'. "கோவையில் போட்டு வை" என்று அப்பா சொன்னால் இங்கே பிறந்த நான் ஊர்ப்பெயரை நினைத்துக் குழம்பியிருக்கிறேன். கூடலூர் பக்கம் இன்னொரு சொல்லும் உண்டு. மலையாள வழக்கில் நிலப் பத்திரத்துக்கு 'ஆதாரம்' என்று பெயர். "ஆதாரம் இருக்கிறதா?" என்று கேட்டால் வெறும் சான்றை மட்டும் கேட்பதில்லை, பத்திரத்தையே கேட்கிறார்கள்.

எனக்குச் 'சுவடிக்கூடம்' பிடித்திருக்கிறது. 'கூடம்' என்றால் எல்லோரும் கூடி உட்காரும் இடம். மசினகுடி அண்ணன் சொன்ன 'உள்ளே வராதே' என்ற அச்சம் அதில் இல்லை. உங்கள் அறை சமுதாயக்கூடத்தில்தானே இருக்கிறது?

ஓலைக்கட்டு:

தங்கையின் பதிவைப் படித்துவிட்டு உடனே எழுத முடியவில்லை. அந்தத் தாள்கள் பத்திரமாக இருக்கட்டும்.

'சுவடிக்கூடம்' நல்ல தமிழ் என்பதில் ஐயமில்லை. ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்குச் சுவடி என்றால் ஓலைச்சுவடி மட்டுமே. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது, தஞ்சையில் சரஸ்வதி மகால் இருக்கிறது. அந்தப் பலகையைப் பார்த்து வருபவர் சித்த மருத்துவ ஓலையையோ சோதிட ஓலையையோ எதிர்பார்ப்பார். தேயிலை எடை அட்டையைக் கண்டு திகைப்பார். இலங்கையில் அந்தச் சொல்லின் பொருள் விரிந்து தாள், கோப்பு எல்லாவற்றையும் உள்ளடக்கிவிட்டது. இங்கே அது விரியவில்லை. ஒரே மொழி, கடல் கடந்தால் ஒரு சொல்லின் எல்லை மாறுகிறது.

மசினகுடிக்காரன்:

அந்த அக்கா சொன்னதுபோல எங்களுக்கும் தாள்தான் எல்லாம். கூடலூரில் ஜன்ம நில (ஜன்மிகள் என்ற பரம்பரை நிலவுடைமையாளர்களின் நில) ஒழிப்புச் சட்டம் 1969-இல் வந்து, 1974-இல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு நிலங்களில் குடியிருப்பவர்கள் இன்னும் உரிமைக்காகக் காத்திருக்கிறார்கள். அந்தப் பகுதி 1877-இல்தான் மலபாரிலிருந்து நீலகிரிக்கு வந்தது. அதற்கு முந்தைய பதிவுகளைக் கேரளப் பக்கம்தான் தேட வேண்டும், கோழிக்கோட்டில் வட்டார ஆவணக் காப்பகம் இருக்கிறது. மலையின் ஒரு பகுதி ஒரு மாநிலத்தின் கணக்கில், இன்னொரு பகுதி இன்னொரு மாவட்டத்தின் கணக்கில். இதற்கெல்லாம் ஊருக்குள்ளேயே ஒரு படி இருந்தால் எத்தனை பேருடைய அலைச்சல் குறையும்! பெயர் எதுவானாலும் அறையைக் கட்டாயம் திறந்துவிடுங்கள்.

கொடை வானம்:

பழனிமலைப் பக்கத்திலிருந்து ஒரு குரல். கொடைக்கானலில் பழைய பதிவுகளை வைத்திருக்கும் இரண்டு இடங்களை நான் அறிவேன். அவற்றை ஒப்பிட்டால் உங்கள் கேள்விக்கு வெளிச்சம் கிடைக்கலாம்.

ஒன்று செண்பகனூர். 1895-இல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரி அங்கே இருக்கிறது. இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவுச் சபையின் மதுரை மாநிலத்து (அச்சபையின் நிர்வாகப் பிரிவு) ஆவணக் காப்பகமும் அங்கேதான். குருமார்கள் எழுதிய கடிதங்கள், அறிக்கைகள். யாருக்கு எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்பது தெளிவு. இன்றைக்கு அவற்றைப் படிப்பவர்கள் எழுதியவர்கள் நினைத்தே பார்க்காத கேள்விகளோடு படிக்கிறார்கள்: அந்த ஆண்டு மழை பெய்ததா, பஞ்சம் எப்போது வந்தது, எந்த ஊரில் எந்தச் சாதியார் குடியிருந்தார்கள் என்று.

இன்னொன்று சூரிய ஆய்வகம். 1899-இல் நிறுவப்பட்டது. 1904 முதல் தெளிந்த நாட்களில் சூரியனைப் படமெடுத்து வந்திருக்கிறார்கள். கண்ணாடித் தட்டுகளிலும் பிறகு படச்சுருளிலும் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட சூரியன் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தது அங்கேதான். இன்று அந்தத் தட்டுகளைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. அந்தச் சுழற்சி ஒவ்வொரு முறையும் எப்படி மாறுகிறது என்பதை அறிய வேண்டுமானால் ஒரே முறையில் எடுத்த நீண்ட வரிசை வேண்டும். இன்றைய எந்தத் தொலைநோக்கியாலும் 1920-ஆம் ஆண்டின் சூரியனை எடுக்க முடியாது.

பதிவறை ஐயா சொன்ன 'வேலை முடிந்த கோப்பு' என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. அந்தத் தட்டுகளில் எதற்கும் வேலை முடியவில்லை. தேயிலை எடை அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மாதம் எவ்வளவு இலை வந்தது என்று முப்பது நாற்பது ஆண்டுக்கு வரிசையாக இருந்தால், கோத்தகிரிப் பக்கத்தில் மழையும் பனியும் எப்படி மாறின என்று யாராவது ஒருநாள் பார்ப்பார்கள். ஆகவே 'பழைய' என்ற சொல்லைப் பலகையில் சேர்க்காதீர்கள் என்பது என் வேண்டுகோள். 'காப்பகம்' போதும்.

பழைய பதிவறை:

கொடை நண்பர் சொல்வதை மறுக்கவில்லை. அரசு அலுவலகத்தில் இடம் குறைவு, தாள் அதிகம். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முயன்றால் ஒன்றையும் எடுக்க முடியாமல் போகும். அதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஊர் அறையிலும் இதே சிக்கல் வரும். எடை அட்டையை வையுங்கள், ஆனால் ஒவ்வொரு மின்கட்டண ரசீதையும் வைக்க முடியுமா? எது நிலைக்க வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் பேசித் தீர்மானம் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தீர்மானத்தையும் அறையிலேயே வையுங்கள்.

ஈரத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சுவரை ஒட்டி அலமாரி வைக்காதீர்கள், காற்று போக ஒரு கை இடைவெளி விடுங்கள். தரையிலிருந்தும் உயர்த்துங்கள். இரும்பு ஊசி, ரப்பர் வளையம், செல்லோ டேப் எதுவும் தாளைத் தொடக் கூடாது. துணியில் கட்டுங்கள். லேமினேட் செய்யும் ஆசை பலருக்கு வரும், தயவுசெய்து வேண்டாம். அது திரும்பப் பிரிக்க முடியாது, உள்ளே ஈரம் இருந்தால் தாள் அங்கேயே பழுத்துவிடும். இராமபாணப் பூச்சிக்கு வசம்பும் வேப்பிலையும் கொஞ்சம் உதவும். அதைவிட, அடிக்கடி கட்டைப் பிரித்துப் பார்ப்பது உதவும்.

கட்டபெட்டு வாசி:

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் அச்செடுத்து ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டினேன். ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. தாள்களைப் படமெடுத்துக் கணினியிலும் வைக்கப் போகிறோம். அதற்கு இளைஞர்கள் 'சேமிப்பகம்' என்கிறார்கள். கைப்பேசியில் உரையாடலை ஒதுக்கி வைக்கும் வசதிக்கோ 'காப்பகம்' என்று பெயர் வருகிறது. இரண்டும் ஒன்றா?

ஓலைக்கட்டு:

ஒன்றல்ல. சேமிப்பகம் என்பது இடம் மட்டும்: வன்வட்டு, நினைவட்டை, தொலைவிலுள்ள கணினி. அதில் எதை வேண்டுமானாலும் போடலாம், அழிக்கலாம். எது யாருடையது, எப்போது வந்தது, மூலம் எங்கே இருக்கிறது என்ற குறிப்போடு மாற்றமில்லாமல் வைத்தால்தான் அது காப்பகம். கைப்பேசியில் நடப்பது கண்ணில் படாமல் ஒதுக்குவது, அவ்வளவே. அதற்கு நம் வீட்டுச் சொல் 'பரண்' இருக்கிறது. வலைப்பூ எழுதியவர்கள் சிலர் பழைய இடுகைகளுக்குப் 'பரண்' என்று அழகாகப் பெயர் வைத்தார்கள். வேண்டாததும் எறிய மனமில்லாததும் பரணுக்குப் போகும். உங்கள் அறை பரண் ஆகிவிடக் கூடாது. பட்டியல் இருந்தால் ஆகாது.

கட்டபெட்டு வாசி:

கூட்டத்தில் முடிவானதைச் சொல்லிவிடுகிறேன். பெரிய எழுத்தில் 'ஊர் ஆவணக் காப்பகம்'. அதன் கீழே, சின்ன எழுத்தில், 'பத்திரங்கள், கணக்குகள், படங்கள்: அனைவரும் வந்து பார்க்கலாம்'. மசினகுடி அண்ணன் சொன்னதற்காகவே கடைசிச் சொற்களைச் சேர்த்தோம். காப்பகம் என்றதும் தயங்கிய பெரியவரே அந்த வரியைச் சொன்னார். நடப்பிலுள்ள கோயில் கணக்கும் இந்த ஆண்டு ரசீதுகளும் வெளிப்பக்க அலமாரியில் தனியே இருக்கும், அதற்குப் 'பதிவறை அலமாரி' என்று தாள் ஒட்டியாகிவிட்டது.

சேரம்பாடி மகள்:

மகிழ்ச்சி, அண்ணா. ஒன்று கேட்கலாமா? உங்கள் ஊரை ஒட்டிய தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன் வீடுகளில் எங்களைப் போல வந்த குடும்பங்கள் இருக்கும். அவர்களுடைய குடும்ப அட்டைகளுக்கும் அந்த அறையில் இடம் உண்டா? அவர்கள் மூலத்தைத் தர மாட்டார்கள், தரவும் கூடாது. படி எடுத்து வைத்தால் போதும்.

கட்டபெட்டு வாசி:

கட்டாயம் உண்டு, தங்கச்சி. மூலத்தை யாரிடமும் வாங்க மாட்டோம். அவர்கள் கண்ணெதிரே படமெடுத்து அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம், பட்டியலில் 'படி' என்று குறித்துவிடுவோம். அடுத்த ஞாயிறு லயன் பக்கம் போகிறோம். என்னென்ன தாள்களைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதிப் போடுங்கள்.

சேரம்பாடி மகள்:

இன்று இரவே எழுதுகிறேன். குடும்ப அட்டை, கடவுச்சீட்டு, கப்பல் பயணச் சீட்டு, இலங்கைத் தோட்டத்துப் பிறப்புச் சான்று, இங்கே வேலையில் சேர்ந்த உத்தரவு. மற்றவற்றை அப்பாவிடம் கேட்டுச் சேர்க்கிறேன்.